ஏரிக்கு உரமிடும் ஊர்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் பேருந்தில் ஏறினால் நிறுத்தங்கள் வரிசையாக வரும்: சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம், பள்ளிக்கரணை. இந்தப் பக்கத்து மழைநீரும் ஏறத்தாழ இதே வழியில்தான் போகிறது. தாம்பரம் மேடு, பள்ளிக்கரணை தாழ்வு. இடையில் ஊருக்கு ஓர் ஏரி. மேல் ஏரி நிறைந்து கலங்கல் வழிந்தால் கீழ் ஏரிக்குத் தண்ணீர். செம்பாக்கம் ஏரியின் உபரி நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கடைசியில் கோவளம் முகத்துவாரம்.

மழை முடிந்து இரண்டு மாதம் கழித்து இந்த ஏரிகளின் கரைகளில் நடந்து பார்த்தால் தண்ணீர் கண்ணில் படுவது அரிது. கரைக்குக் கரை ஆகாயத்தாமரை. அது இல்லாத இடத்தில் பெயின்ட் ஊற்றியதுபோல் பாசி. ஊதாப் பூக்களும் நடுவே உலவும் தாழைக்கோழிகளும் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஏரி செழிப்பாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே பலர் கடந்துபோகிறார்கள். அந்தச் செழிப்புதான் ஏரியைக் கொல்கிறது. நெல்வயலுக்குப் போட வேண்டிய உரம் ஏரிக்குள் விழுந்துகொண்டிருக்கிறது. அதைப் போடுவது விவசாயி அல்ல. சேலையூரில் வயலே இல்லை. போடுவது நாம்.

பயிருக்கு வேண்டிய தழைச்சத்தும் மணிச்சத்தும், அதாவது நைட்ரஜனும் பாஸ்பரசும், பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் அதே அளவுக்குப் பிடித்தவை. சாதாரண ஏரியில் இவை மிகச் சொற்பமாகவே இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் பாஸ்பரஸ் சுமார் 0.03 மில்லிகிராமைத் தாண்டினாலே அந்த ஏரி அளவுக்கு மீறி ஊட்டம் பெறத் தொடங்கிவிட்டது என்பது ஏரி விஞ்ஞானிகளின் கணக்கு. வீட்டுக் கழிவுநீரில் அது பல மில்லிகிராம் இருக்கும், நூறு மடங்குக்கும் மேல். மீதிக்கு வெயில் இருக்கிறது. சென்னையில் அதற்குப் பஞ்சமில்லை.

பாசி பெருகினால் பகலில் அது பிராணவாயுவை வெளிவிடும், இரவில் அதுவே இழுத்துக்கொள்ளும். செத்த பாசி அடியில் மட்கும்போது பாக்டீரியாக்கள் மிச்சத்தையும் உறிஞ்சிவிடும். விடியற்காலையில் தண்ணீரில் பிராணவாயு அடிமட்டத்துக்குப் போகும். கோடையில் மேகம் மூடிய நாளுக்கு மறுநாள் ஏரியில் மீன்கள் வயிறு மேலாக மிதப்பதற்குப் பல நேரம் இதுவே காரணம். விஷம் யாரும் ஊற்றியிருக்க வேண்டியதில்லை. நீர்மட்டத்துக்கு வந்து காற்றை நேரே விழுங்கத் தெரிந்த விரால் தப்பிக்கும். எதையும் தாங்கும் ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் தப்பிக்கும். கெண்டை வகைகள் போய்விடும். ஆகாயத்தாமரையின் வேரில் சுவாசக் குழலைக் குத்தி நீருக்குள்ளேயே வளரும் மான்சோனியா கொசுவுக்கு மட்டும் கொண்டாட்டம். மேல்மட்டத்துக்கு வந்து மூச்சுவிட வேண்டிய தேவை அதன் புழுவுக்கு இல்லாததால், நீரின் மேல் எண்ணெய் தெளிக்கும் வழக்கமான வைத்தியம் அதனிடம் எடுபடாது.

வயல் போன பிறகு

செங்கல்பட்டுச் சீமை ஏரிப்பாசனச் சீமை. ஆறுகள் பேருக்குத்தான், சோறு போட்டவை ஏரிகள். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று போகங்களை ஏரி நீரின் அளவைப் பார்த்தே வைத்துக்கொண்டார்கள். அந்த ஏற்பாட்டில் ஏரிக்குத் தண்ணீரைத் தேக்குவதோடு இன்னொரு வேலையும் இருந்தது. நீர்ப்பிடிப்பில் மேய்ந்த ஆடுமாடுகளின் சாணமும் புழுக்கையும், உதிர்ந்த தழையும், மேட்டு மண்ணும் மழையோடு அடித்து வந்து ஏரியில் வண்டலாகப் படியும். கோடையில் ஏரி வற்றியதும் அந்த வண்டலை வண்டி வண்டியாக வெட்டி வயலில் கொட்டுவார்கள். மதகு வழியாகப் பாயும் தண்ணீரிலும் கொஞ்சம் சத்து வயலுக்குப் போகும். மேட்டிலிருந்து ஓடிவந்த சத்து ஏரியில் சற்றுத் தங்கி மறுபடி நிலத்துக்கே திரும்பிவிடும். வீட்டு வாசலில் குப்பைமேடு, வயலில் ஆட்டுக்கிடை, சுவரில் வறட்டி என்று சாணத்துக்கும் எருவுக்கும் ஊரில் விலை இருந்தது. வாய்க்காலில் கழுவி விடுவதற்கு அது யாருக்கும் கிடைத்ததில்லை.

இன்று சேலையூர் ஏரியின் ஆயக்கட்டில் வீடுகள். மதகு திறந்தால் பாய வயல் இல்லை. வண்டலைக் கேட்டு வண்டி கட்டிக்கொண்டு வர ஆளும் இல்லை. திரும்பிப் போகிற வழி அடைபட்டுவிட்டது. வருகிற வழியோ பல மடங்கு பெருகிவிட்டது.

எவ்வளவு பெருகியது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்திய உணவுப் பழக்கத்தில் ஒருவர் ஓராண்டில் மலமும் சிறுநீருமாக வெளியேற்றுவது ஏறத்தாழ 2.7 கிலோ நைட்ரஜன், 0.4 கிலோ பாஸ்பரஸ் என்பது ஏற்கப்பட்ட மதிப்பீடு. இதில் பெரும்பங்கு சிறுநீரில் இருக்கிறது. ஒரு லட்சம் பேருக்கு 270 டன் நைட்ரஜன். யூரியாவில் நைட்ரஜன் 46 விழுக்காடு. அப்படியானால் ஒரு லட்சம் பேர் வாழும் ஒரு புறநகர்ப் பகுதி ஆண்டுக்கு வெளியேற்றும் சத்து, 45 கிலோ எடையுள்ள 13,000 யூரியா மூட்டைகளுக்குச் சமம். பல லட்சம் பேர் வாழும் தாம்பரம் மாநகராட்சிக்கு வாசகர்களே பெருக்கிக்கொள்ளலாம்.

அந்தச் சத்து எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்க வேண்டும். தஞ்சாவூரிலும் செய்யாறிலும் யாரோ ஒரு விவசாயி வயலில் போட்ட யூரியாவும் டிஏபியும் அரிசியாகி, பருப்பாகி, பாலாகி கேம்ப் ரோடு மளிகைக் கடைக்கு வந்து, நம் வீட்டுக்குள் நுழைந்து, செப்டிக் டேங்கில் இறங்குகிறது. உர ஓட்டம் என்றால் வயலிலிருந்து வாய்க்காலுக்கு ஓடுவதை மட்டுமே நினைத்துக்கொள்கிறோம். வயலைத் தாண்டி, சாப்பாட்டுத் தட்டைத் தாண்டி நகரம் வரை அந்த ஓட்டம் நீளுகிறது. வடசென்னையில் மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் ஆலை காற்றிலிருந்து பிடிக்கும் நைட்ரஜன், மாநிலமெல்லாம் சுற்றிவிட்டுத் தென்சென்னை ஏரியில் வந்து பாசியாகிறது என்று சொன்னால் அது மிகையல்ல.

பாதாளச் சாக்கடை இந்தப் புறநகரின் எல்லாத் தெருக்களுக்கும் இன்னும் வரவில்லை. செப்டிக் டேங்கின் வழிநீர் மழைநீர் வடிகாலில் இணைக்கப்பட்டிருக்கும் தெருக்கள் ஏராளம். இணைத்தவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு வேறு வழி தரப்படவில்லை. இரவில் கழிவுநீர் லாரியைத் திறந்துவிட்டுப் போகிறவர்கள் கதை வேறு. 2014இல் தமிழக அரசு கழிவுக் கசடு மேலாண்மைக்கு வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. ஓடையோரம் குழாயை இறக்கும் லாரிகளை அவை இன்னும் முழுதாக நிறுத்தவில்லை.

இதோடு மாட்டுக் கொட்டகைகள். ஒரு பசு நாளுக்குப் பத்துக் கிலோவுக்கும் மேல் சாணம் போடும். கிராமத்தில் அது எரு. கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு சென்ட் காலி இடமும் இல்லாத புறநகர்ச் சந்தில் அதை என்ன செய்வது? ஹோஸ் பைப்பால் சாக்கடைக்குத் தள்ளுகிறார்கள். பிறகு சலவைத்தூள், பாத்திரம் கழுவும் பவுடர். இவற்றில் பாஸ்பேட் சேர்ப்பதற்கு இந்தியாவில் கட்டாயத் தடை இல்லை.

இதையெல்லாம் சேர்த்துக்கொண்டு மழைக்காகக் காத்திருக்கின்றன வடிகால்கள். ஐப்பசியில் விழும் முதல் கனமழை கோடை முழுதும் தேங்கிய கசடை ஒரே தள்ளாகத் தள்ளி ஏரியில் சேர்த்துவிடும். பெருமழை வெள்ளத்தைப் பற்றி இந்த ஊரில் பேசாத ஆளில்லை. அந்த வெள்ளம் சுமந்து வரும் சரக்கைப் பற்றிப் பேச்சே இல்லை.

திரை கட்டிய ஏரி

பாசிக்கு எது காரணம் என்பது ஒரு காலத்தில் பெரும் சண்டையாக இருந்தது. சோப்புக் கம்பெனிகள் பாஸ்பேட்டைத் தொட விடவில்லை. கார்பன்தான் காரணம் என்று வாதாடின. 1973இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானி ஒரு காரியம் செய்தார். 226 என்ற எண் மட்டுமே பெயராக இருந்த ஒரு சிறிய ஏரியின் குறுகிய இடுப்பில் பிளாஸ்டிக் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் போட்டார். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரசும் சேர்த்தார். சில வாரங்களில் பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பச்சையாகிவிட்டது. விமானத்திலிருந்து எடுத்த ஒரு படம். ஒரே ஏரி, ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் பாசிப் பச்சை. பக்கம் பக்கமாக எழுதிய வாதங்களை அந்த ஒரு படம் முடித்துவைத்தது. அதையொட்டிய ஆண்டுகளில் வட அமெரிக்காவில் சலவைத்தூள் பாஸ்பேட்டுக்குக் கட்டுப்பாடுகள் இறுகின.

நமக்கு இன்னும் நெருக்கமான பாடம் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் ஏரி. சேலையூரைப் போலவே அங்கும் புறநகர்கள் ஏரியைச் சுற்றி முளைத்தன. கழிவுநீர் ஏரியில் விழுந்தது. சுத்திகரித்த நீர்தான், ஆனால் சத்து அதில் அப்படியே இருந்தது. 1955இல் எட்மண்ட்சன் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் அங்கே ஒருவகை நீலப்பச்சைப் பாசியைக் கண்டு எச்சரித்தார்கள். மக்கள் வாக்களித்து ஏற்பாடு செய்து, 1963 முதல் 1968 வரை எல்லாக் கழிவுநீரையும் ஏரியிலிருந்து திருப்பிவிட்டார்கள். எழுபதுகளின் நடுவில் பல அடி ஆழம் வரை தெளிவாகத் தெரியும் ஏரி திரும்பக் கிடைத்தது. பாசியை அவர்கள் அள்ளவில்லை. வருவதை நிறுத்தினார்கள்.

நாம் அள்ளுகிறோம். ஒவ்வோர் ஆண்டும் பருவமழைக்கு முன் பொக்லைனும் மிதவை இயந்திரமும் ஏரியில் இறங்குகின்றன. படம் எடுக்கிறார்கள். வெள்ளம் தடையின்றிப் போக அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஆகாயத்தாமரையின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். ஐந்து டன் ஏற்றிய லாரியில் காய்ந்த எடை 250 கிலோ தேறினால் அதிகம்; அதில் நைட்ரஜன் ஐந்தாறு கிலோ. இரண்டு பேர் ஓராண்டில் கழிப்பறையில் விட்ட அளவு. அந்தத் தெருவில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அள்ளியதையும் பல நேரம் கரையிலேயே குவித்து விடுகிறார்கள். அது அங்கேயே அழுகி, அடுத்த மழையில் சத்து மறுபடி ஏரிக்குள். சாதகமான சூழலில் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிற செடிக்கு இதைவிட என்ன வேண்டும்?

தூர் வாருவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பல ஆண்டுகள் சாக்கடை வாங்கிய ஏரியின் சேற்றில் பாஸ்பரஸ் இரும்போடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். அடித்தண்ணீரில் பிராணவாயு தீர்ந்தால் அந்தப் பிணைப்பு விட்டுப்போய்ப் பாஸ்பரஸ் மேலே கரைந்து வரும். சாக்கடையை நிறுத்திய பிறகும் ஏரி தன் பழைய கடனைத் தானே வெளியே விட்டுக்கொண்டிருக்கும். ஆகவே வருவதை நிறுத்துவது, சேற்றை எடுப்பது இரண்டும் வேண்டும், அந்த வரிசையிலேயே வேண்டும். நம்மூரில் பெரும்பாலும் வரிசை மாறிவிடுகிறது. முதலில் நடைபாதை, பூங்கா, அலங்கார விளக்கு, சாக்கடை பிறகு.

இந்த வழக்கத்தை மாற்ற முயன்றவர்களும் இந்தப் பக்கத்திலேயே உண்டு. சிட்லபாக்கத்தில் குடியிருப்போர் தாங்களே ஏரியில் இறங்கிச் சுத்தம் செய்து குரல் கொடுத்த பிறகு, அரசு சுமார் 25 கோடி ரூபாயில் ஏரியைச் சீரமைத்தது. செம்பாக்கத்தில் ஏறத்தாழ நூறு ஏக்கர் ஏரியை மீட்க தி நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் டிரஸ்ட் என்ற அமைப்புகளும் சென்னை ஐஐடியும் சேர்ந்தன. சாக்கடை ஏரிக்குள் நுழையும் முன்பே நாணலும் கோரையும் கொண்டு சத்தை வடிகட்டலாம் என்ற எண்ணம் அந்தத் திட்டத்தின் மையத்தில் இருந்தது. கேர் எர்த் நிறுவனர்களில் ஒருவரான ஜெயஸ்ரீ வெங்கடேசனுக்கு 2025இல் ராம்சார் விருது கிடைத்தது. ஈரநிலங்களை அறிந்து பயன்படுத்தும் பணிக்காக அந்த விருதைப் பெற்ற முதல் இந்தியர் அவர். பள்ளிக்கரணை 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, 1,247 ஹெக்டேருக்கு. ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் விரிந்திருந்த சதுப்பில் மிஞ்சியது அவ்வளவுதான். பட்டியலில் சேர்ந்ததால் சதுப்பைக் காத்துவிட்டோம் என்று யாரும் ஆறுதல் அடையக்கூடாது. மேலே சேலையூரில் விடுவதெல்லாம் கடைசியில் அங்கேதான் இறங்குகிறது.

சட்டத்தில் விட்ட இடம்

ஒரு சுத்திகரிப்பு நிலையம் எப்படிப்பட்ட நீரை வெளியே விடலாம் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2017 அக்டோபரில் விதி வகுத்தது. அமில காரத்தன்மை, பிஓடி (கரிமக் கழிவைச் சிதைக்கக் கிருமிகளுக்குத் தேவைப்படும் பிராணவாயுவின் அளவு), மிதக்கும் திடப்பொருள், மலக்கிருமி என்று நான்கே அளவுகள். முதலில் வந்த வரைவில் இருந்த நைட்ரஜன் வரம்பு இறுதி விதியில் இல்லை. அதாவது கண்ணுக்குத் தெளிவாக, நாற்றமில்லாமல், அதே நேரம் யூரியாக் கரைசல் போன்ற நீரைச் சட்டப்படி ஏரியில் விடலாம் என்று ஆகியிருந்தது. 2019 ஏப்ரல் 30 அன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இதை ஏற்க மறுத்து, பெருநகரங்களில் நைட்ரஜன் லிட்டருக்கு 10 மில்லிகிராம், பாஸ்பரஸ் 1 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. அந்த 1 மில்லிகிராமே ஏரி தாங்கும் அளவைப்போல முப்பது மடங்கு. அதையாவது அளக்கிறோமா? ஏரி மாசைப் பற்றி இங்கே வரும் அறிவிப்புகளில் பிஓடி அடிபடும். பாஸ்பரஸ் என்ற சொல்லைத் தேட வேண்டியிருக்கிறது.

இது ஏரியோடு நிற்கும் விஷயமும் இல்லை. மாடம்பாக்கம் ஏரிக்குள் இருக்கும் கிணறுகள் சுற்றுவட்டாரத்துக்குக் குடிநீர் கொடுத்தவை. இந்தப் பகுதியில் போர்வெல் இல்லாத வீடு குறைவு. கழிவுநீரின் நைட்ரஜன் மண்ணுக்குள் இறங்கும்போது நைட்ரேட்டாக மாறி நிலத்தடி நீரில் கலக்கும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். தாண்டினால் பால்புட்டிக் குழந்தைகளின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழக்கும். உடம்பு நீலம் பாரிக்கும். நிறம், மணம், சுவை எதிலும் நைட்ரேட் தன்னைக் காட்டிக்கொள்ளாது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்தி கூடும். போர்வெல் தண்ணீரைக் காய்ச்சிக் கைக்குழந்தைக்குக் கொடுக்கும் வீடுகள் ஒருமுறையாவது நைட்ரேட் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ஆர்ஓ வடிகட்டி அதைப் பெருமளவு குறைக்கும்.

விவசாயிக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஆனால் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் முன் மூட்டையின் விலையைப் பார்க்க வேண்டும். யூரியா 45 கிலோ 266 ரூபாய் 50 காசு. டிஏபி 50 கிலோ 1,350 ரூபாய். 2010இல் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது யூரியாவை அதற்கு வெளியே வைத்ததன் விளைவு இது. அரசே மலிவாக வைத்திருப்பதை விவசாயி அதிகம் போடுகிறார். நெல்வயலில் போடும் யூரியாவில் பயிர் எடுத்துக்கொள்வது பாதிக்கும் குறைவு; மிச்சம் ஆவியாகிறது, நிலத்தடிக்கு இறங்குகிறது, வடிகாலில் ஓடுகிறது. திருப்போரூர், மதுராந்தகம் பக்கம் இன்னும் ஏரிப்பாசனம் நடக்கிறது. மேலுரத்தைப் பிரித்துப் போடுவது, இலையின் நிறத்தை இலை வண்ண அட்டையோடு ஒப்பிட்டு வெளுத்தால் மட்டும் போடுவது, மழை வரும் அறிகுறி இருந்தால் மூட்டையைப் பிரிக்காமல் இருப்பது எல்லாம் வேளாண் துறை சொல்லிவரும் யோசனைகள்தான். செலவு மிச்சம், ஏரியும் மிச்சம்.

அந்த விவசாயிக்கு வேண்டியது நம்மிடம் வீணாகக் கிடக்கிறது என்பதே என்னைத் தூங்கவிடாத எண்ணம். ஜிஎஸ்டி சாலையில் தெற்கே மதுராந்தகத்தை ஒட்டி இருக்கிறது கருங்குழிப் பேரூராட்சி. தமிழகத்தின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் 2017இல் தொடங்கியது அங்கேதான். லாரியில் வரும் செப்டிக் டேங்க் கசடை, நாளுக்கு இருபதாயிரம் லிட்டருக்கு மேல், உலர்படுக்கையில் பரப்பி வடித்து எடுக்கிறார்கள். பெரிய இயந்திரங்கள் இல்லை, பெரிய மின்கட்டணம் இல்லை. உலர்ந்த கசடு முறையாகப் பக்குவப்பட்டால் வயலுக்கு எரு. நம் மாவட்டத்திலேயே ஒரு சிறிய பேரூராட்சி செய்து காட்டியதை, ஒரு மாநகராட்சியால் செய்ய முடியாது என்று யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். வண்டலுக்கும் வழி இருக்கிறது: 2024இல் விதியைத் திருத்தி, ஏரி வண்டலை விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் இலவசமாக எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று அரசு ஆக்கியது. நகரச் சாக்கடை கலந்த ஏரியின் சேற்றில் ஈயம் போன்ற உலோகங்கள் உண்டா என்று சோதித்த பிறகே வயலுக்கு விட வேண்டும். அந்தச் சோதனையை விவசாயி தலையில் கட்டாமல் மாநகராட்சி செய்து தர வேண்டும்.

மாநகராட்சி உடனே தொடங்கக்கூடிய வேலை அளப்பது. ஏரிக்கரைப் பலகைகளில் ஏரியின் பெயரும் பரப்பும் எச்சரிக்கையும் எழுதுகிறார்கள். இன்னும் இரண்டு வரி சேர்க்கலாம்: இந்த மாதம் ஏரிக்குள் வரும் வாய்க்காலில் நைட்ரஜன் இவ்வளவு, பாஸ்பரஸ் இவ்வளவு. அதைப் படிக்கும் குடியிருப்போர் எந்த வாய்க்காலில் எண் ஏறுகிறது என்று பார்த்து, அதன் வழியே மேலே நடந்து, எந்தத் தெருவின் குழாய் அதில் இறங்குகிறது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். நல்ல ஆய்வகம் இருந்தால் மாதத்தில் ஒரு நாள் வேலை. சேலையூர் ஏரிக்கு வரும் ஒவ்வொரு வாய்க்காலின் முதல் அளவும் இந்த ஐப்பசி மழைக்கு முன் பலகையில் ஏறட்டும்.